தேடினால் கிடைக்க வேண்டும்

நம் சங்க இதழின் பழைய பிரதிகளை எல்லாம் ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்றுவது என்று செயற்குழு முடிவெடுத்திருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. இதை முன்னின்று நடத்தும் இளைஞர்களுக்கு என் வாழ்த்துகள். ஆனால் உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடப்பட்ட திட்டக் குறிப்பைப் படித்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. முகப்புப் பக்கத்தின் வண்ணம், புகைப்படத் தொகுப்பு, விழாக் காணொளிகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதழ்களுக்குள் தேடுவதற்கு ஒரே ஒரு வரிதான்: 'தேடல் பெட்டி ஒன்று இருக்கும்.' அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழுக்கு ஏற்ற தனியான தேடல் சர்வர் ஒன்றை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும், முகப்பு அலங்காரம் அதற்குப் பிறகு வரலாம் என்பது என் கருத்து.

முதலில், இது ஏன் அவ்வளவு முக்கியம்? நம் இதழில் எழுதியவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற எழுத்தாளர்கள் அல்லர். ரயில்வே, தபால் இலாகா, வங்கி, தொழிற்சாலை என்று பிழைப்புக்காக இந்தி பேசும் இவ்வூருக்கு வந்தவர்கள், பள்ளி ஆசிரியைகள், வீட்டை நிர்வகித்துக்கொண்டே கதை எழுதிய தாய்மார்கள். இவர்களுடைய எழுத்து தமிழ்நாட்டு நூலகங்களில் கிடைக்காது. நம் சங்க நூலக அலமாரியில் பைண்டு செய்து வைத்திருக்கும் தொகுதிகளை விட்டால் வேறு இடமில்லை. மறைந்த நண்பர் ஒருவரின் மகள் சென்ற ஆண்டு என்னிடம், "அப்பா எழுதினது எந்த வருஷம், எந்த மாசம்னு தெரியல மாமா, ஒரு பிரதியாவது கிடைக்குமா?" என்று கேட்டாள். தொகுதி தொகுதியாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்கேன் செய்த படங்களை மட்டும் இணையதளத்தில் ஏற்றினால் இதே நிலைதான் நீடிக்கும். அலமாரியில் புரட்டியதைத் திரையில் புரட்டுவோம், அவ்வளவுதான்.

நான் ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒரு நடுத்தர ஸ்டேஷனின் ரிலே ரூமில்கூட ஆயிரக்கணக்கான வயர்கள் இருக்கும். நள்ளிரவில் சிக்னல் பழுதானால், எந்த ரேக்கில் எந்த டெர்மினலில் எந்த வயர் என்று சர்க்யூட் டயகிராமையும் டெர்மினல் சார்ட்டையும் பார்த்துச் சில நிமிடங்களில் கை வைக்கலாம். அந்தச் சார்ட் இல்லையென்றால், வயர்கள் எல்லாம் அங்கேயே இருந்தும் பயனில்லை. ஓர் இணையதளத்துக்குத் தேடல் சர்வர் என்பது அந்தச் சார்ட்டைப் போன்றது.

அது வேலை செய்யும் முறை ஒன்றும் மந்திரமல்ல. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதே, அதேதான். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத அகராதி சேர்த்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியங்களுக்கான சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தேடல் சர்வரும் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில், எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லைக் கேட்டால் பக்கங்களைப் படிப்பதில்லை. பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் கண் இமைக்கும் நேரத்தில் விடை வருகிறது.

கிடைத்த பக்கங்களில் எதை முதலில் காட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. எல்லாப் பக்கங்களிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற கருத்தை 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முன்வைத்தார். இன்றைய தேடல் மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளத்தில் அந்தக் கருத்து இருக்கிறது. நம் இதழில் 'தமிழ்', 'சங்கம்' என்ற சொற்கள் வராத பக்கமே இருக்காது. ஆகவே ஒருவர் 'சங்கம் வில்லுப்பாட்டு' என்று தேடினால் 'வில்லுப்பாட்டு' என்ற சொல்தான் வழிகாட்டும்.

இவ்வளவும் எல்லா மொழிக்கும் பொது. சிக்கல் தமிழில்தான் தொடங்குகிறது. இணையதளம் அமைத்துத் தரும் கம்பெனிகள் இலவசமாகச் சேர்த்துத் தரும் தேடல் பெட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் தமிழைத் தட்டினால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்து. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் அது பரவலாகப் புழங்கப் பல ஆண்டுகள் ஆயின. தொண்ணூறுகளில் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துருவைக் கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் என்று இரு குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் முடிவாயின. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொன்றும் புழங்கியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். ஆகவே அக்கால இதழ்களின் கணிப்பொறிக் கோப்புகள் நம்மிடம் இருந்தாலும், அவற்றை உரிய மாற்றிகளின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவராமல் தேடல் சர்வருக்குக் கொடுத்தால், அதற்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

யூனிகோடிலேயே எழுதியிருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதிவு செய்யலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இயந்திரத்துக்கு வேறு வேறு. 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு பதிவுகள் புழக்கத்தில் உள்ளன. ஸ்ரீநிவாசன் என்று ஒருவர் தட்ட, ஸ்ரீநிவாசன் என்று அச்சாகியிருக்கும் பக்கம் கிடைக்காமல் போவது இதனால்தான். இன்னும் சில மென்பொருள்கள் புள்ளியையும் கொம்பையும் எழுத்தின் பகுதியாகவே கருதாமல் அங்கே சொல்லை உடைத்துவிடுகின்றன. இவற்றை எல்லாம் சர்வர் அமைக்கும்போதே ஒழுங்குசெய்ய வேண்டும். பின்னால் ஒட்டுப்போட முடியாது.

இரண்டாவது, வேற்றுமை உருபுகள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் மாறாது. நமக்கோ மதுரை, மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து என்று வளர்ந்துகொண்டே போகும். மரம் என்பது மரத்தை என்றும் வீடு என்பது வீட்டில் என்றும் உருவே மாறிவிடும். போதாக்குறைக்கு வல்லினம் மிகுந்து வீட்டைக், வீட்டைத் என்று ஒற்றும் சேரும். இந்த விகுதிகளைக் கழற்றி அடிச்சொல்லைக் கண்டறியும் நிரல்கள் இருக்கின்றன. ஸ்நோபால் என்ற இலவசத் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றவும் கூடாது. 'காலை' என்பது விடியற்காலையா, கால் என்பதோடு ஐ உருபு சேர்ந்ததா? ஆகவே அச்சிட்டபடி உள்ள சொல்லுக்கு ஒரு பட்டியலும் அடிச்சொல்லுக்கு இன்னொரு பட்டியலும் வைத்து, முதலாவதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதே சரியான முறை.

மூன்றாவது, எழுத்து வழக்கு. ரயில், ரெயில், இரயில், புகைவண்டி, கோயில், கோவில், தில்லி, டில்லி, டெல்லி, பம்பாய், மும்பை, ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி. இவற்றில் எது சரி என்ற பட்டிமன்றத்துக்கு இங்கே வேலையில்லை. எதைத் தட்டினாலும் எல்லாம் வர வேண்டும். இதற்கு இணைச்சொல் பட்டியல் ஒன்று தயாரித்து சர்வருக்குக் கொடுக்கலாம். இந்தப் பட்டியலை எந்தக் கம்பெனியும் நமக்குத் தயாரித்துத் தராது. இவ்வூரின் பேட்டைப் பெயர்களையும் காலனிப் பெயர்களையும் நம் மக்கள் எப்படியெல்லாம் தமிழில் எழுதினார்கள் என்பது நமக்குத்தான் தெரியும்.

நான்காவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்து தெரியாது. கைப்பேசியில் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுகிறார்கள். அவர்கள் தம் தாத்தாவின் பெயரை அப்படித் தட்டினாலும் அவர் எழுதிய கட்டுரை வந்து நிற்க வேண்டும். ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள் என்பதையும் கணக்கில் கொண்டு, ஒலிபெயர்ப்புப் பட்டியல் ஒன்றைக் கூடவே வைக்க வேண்டும். எழுத்துத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவாக இதை வைத்தால், யாருக்காக இந்த வேலையைச் செய்கிறோமோ அவர்களையே வெளியே நிறுத்தியவர்கள் ஆவோம்.

இனி மூலப்பிரதிகளைப் பற்றி. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். அதில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள்களில் டெஸராக்ட் என்பது பெயர் பெற்றது. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் இலவசமாக வெளியிடப்பட்ட அது தமிழையும் படிக்கும். ஆப்செட்டில் தெளிவாக அச்சான இதழ்களை ஓரளவு நன்றாகவே படித்துவிடும். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்டவற்றில் தேய்ந்த எழுத்துகளிலும், 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களிலும் தடுமாறும். கையால் எழுதி சைக்ளோஸ்டைல் செய்த ஆரம்பகால இதழ்களை மனிதர்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும்.

எழுத்துப் பிழை இருந்தால் நெருங்கிய சொல்லைத் தேடும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், நீண்ட சொற்களுக்கு அது உதவும். சிறிய சொற்களுக்கு அதைத் திறந்துவிட்டால், 'கலை' என்று தேடியவருக்கு மலையும் அலையும் வலையும் களையும் வந்து குவியும். ஆகவே மெய்ப்புத் திருத்தம் இன்றியமையாதது. எல்லாப் பக்கங்களையும் முழுமையாகத் திருத்த ஆளில்லை என்றால், ஒவ்வொரு இதழின் பொருளடக்கம், கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் பெயர், மாதம், ஆண்டு ஆகியவற்றையாவது மனிதர் படித்துத் திருத்தியதாக வைக்க வேண்டும். தேடுவோரில் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

"கூகுள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். கூகுள் நம் பக்கங்கள் அனைத்தையும் தன் பட்டியலில் சேர்க்கும் என்று எந்த உறுதியும் இல்லை. தவிர, பிறர் தரும் வசதி எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. தனித்தனி இணையதளங்களுக்காகக் கூகுள் கட்டணத்துக்கு அளித்துவந்த சைட் சர்ச் சேவையை 2017-இல் நிறுத்துவதாக அறிவித்து, 2018-இல் நிறுத்தியும் விட்டது. இலவசமாகக் கிடைப்பது விளம்பரத்தோடு வரும். நம் முன்னோர் எழுத்துக்கு நடுவே யாரோ கடன் கொடுக்கும் விளம்பரம் வேண்டுமா?

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, கேட்டால் சொல்லிவிடுமே" என்பது அடுத்த கேள்வி. அதுவும் நம் இதழில் உள்ளதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், உரிய பக்கத்தை முதலில் தேடி அதன் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும் குணம் அதற்கு உண்டு. ஆக, அதைப் பின்னால் சேர்ப்பதானாலும் தேடல் சர்வர்தான் அஸ்திவாரம்.

செலவைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆண்டுக்கு 12 இதழ், இதழுக்கு 40 பக்கம், 40 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் 19,200 பக்கங்கள். பக்கத்துக்கு 250 சொற்கள் என்றால் 48 லட்சம் சொற்கள். ஒரு சொல்லுக்கு 25 பைட் வீதம் 12 கோடி பைட், அதாவது சுமார் 120 மெகாபைட். ஸ்கேன் படங்களுக்குத்தான் இடம் அதிகம் வேண்டும், எழுத்துக்கு இவ்வளவுதான். 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ஒரு சாதாரண வாடகை சர்வரே இந்த வேலைக்குத் தாராளம்.

மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1999-இல் டக் கட்டிங் என்பவர் எழுதி வெளியிட்ட லூசீன் என்பதே இவற்றுக்கெல்லாம் மூலம். அதன் மேல் 2004-இல் யோனிக் சீலி தொடங்கிய சோலர் 2006-இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. 2010-இல் ஷாய் பானன் வெளியிட்ட எலாஸ்டிக் சர்ச் இன்னொன்று. அவர் மனைவி சமையற்கலை பயின்றபோது, அவருடைய சமையல் குறிப்புகளைத் தேடுவதற்காகத் தொடங்கிய முயற்சியே அதன் வித்து. 2021-இல் அதன் உரிம விதிகள் மாற்றப்பட்டபோது, அதிலிருந்து பிரிந்து ஓப்பன் சர்ச் பிறந்தது. உரிமம் இப்படி நடுவழியில் மாறக்கூடியது என்பதால், லாப நோக்கற்ற அமைப்பிடம் உள்ள சோலர் நம் போன்ற சங்கத்துக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். எதைத் தேர்ந்தாலும் மேலே சொன்ன தமிழ் ஏற்பாடுகள்தான் முக்கியம்.

ஆனால் இலவசம் என்பதற்காகக் கவனக்குறைவு கூடாது. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த எலாஸ்டிக் சர்ச் சர்வர்கள் ஏராளமானவற்றை விஷமிகள் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். தேடல் சர்வரை ஒருபோதும் நேராக வெளியே திறந்து வைக்கக் கூடாது. இணையதளம் மட்டும் அதனுடன் பேச வேண்டும். வெளியார் இணையதளத்துடன்தான் பேச வேண்டும். சொல்லடைவு அழிந்தால் மறுபடியும் ஓரிரவில் உருவாக்கிவிடலாம். திருத்திய மூல உரை அழிந்தால் அத்தனை பேர் உழைப்பும் போயிற்று. ஆகவே மூல உரையின் நகல் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, மாற்றல். கணிப்பொறி தெரிந்த இளைஞர் ஒருவர் ஆர்வமாக எல்லாவற்றையும் அமைப்பார். இரண்டு ஆண்டில் அவருக்குப் புனேக்கோ பெங்களூருக்கோ மாற்றல் வந்துவிடும். கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். எங்கள் இலாகாவில் ஒரு பாயின்ட் மெஷினைத் தொடுவதற்குக்கூட ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் எழுத்து மூலம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். என்ன அமைத்தோம், எங்கே மாற்றினோம் என்று தமிழில் ஒரு கையேடு எழுதி, செயலாளரிடம் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். குறைந்தது இரண்டு பேருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை கிடைக்க வேண்டியவற்றைப் பற்றிச் சொன்னேன். கிடைக்கக் கூடாதவையும் உண்டு. பழைய இதழ்களில் வரன் தேடும் அறிவிப்புகள் இருக்கின்றன. வயது, நட்சத்திரம், சம்பளம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் வரும். மருத்துவ உதவி பெற்றவர்களின் பெயர்களும் அச்சாகியுள்ளன. அன்று அது நானூறு, ஐந்நூறு வீடுகளுக்குள் படித்து மறந்த செய்தி. இன்று பெயரைத் தட்டினால் உலகில் யாருக்கும் அகப்படும் செய்தி. இரண்டும் ஒன்றல்ல. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் இருக்கட்டும், நம்பி எழுதிக் கொடுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடமை ஒன்று உண்டு. ஆகவே இத்தகைய பக்கங்களைத் தேடல் பட்டியலிலும் பொதுப் பார்வையிலும் சேர்க்காமல் நூலகத் தொகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தம் கட்டுரையையோ பெயரையோ நீக்கச் சொல்லி யாராவது எழுதினால் அதைப் பரிசீலிக்க மூவர் கொண்ட குழு ஒன்றும் தேவை.

கடைசியாக, பரிசோதனை. புதிய இன்டர்லாக்கிங்கை இயக்கத்துக்குக் கொண்டுவருமுன் செலக்ஷன் டேபிளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரூட்டையும் சோதிப்போம். சிக்னல் விழ வேண்டியபோது விழுகிறதா என்று மட்டுமல்ல, விழக் கூடாதபோது விழாமல் இருக்கிறதா என்றும் பார்ப்போம். இங்கும் அப்படியே செய்யலாம். மூத்த உறுப்பினர்களிடம் ஐம்பது கேள்விகள் வாங்குங்கள். அவற்றுக்குரிய பக்கங்களைத் தொகுதிகளில் கையால் தேடிக் குறித்து வையுங்கள். பிறகு சர்வரிடம் கேளுங்கள். ஐம்பதில் எத்தனை முதல் பக்கத்தில் வருகின்றன, வரக் கூடாதவை ஏதாவது வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுங்கள். இயங்கத் தொடங்கிய பின், தேடியும் ஒன்றும் கிடைக்காத சொற்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயிலியர் ரிஜிஸ்டரைப் படிக்காமல் சிக்னலைப் பராமரிக்க முடியாது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஏமாந்து திரும்பிய ஒரு வாசகர்.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டாம், ஆள் வேண்டும். தட்டச்சு தெரிந்தவர் தட்டச்சு செய்யட்டும். இலக்கணம் தெரிந்தவர் இணைச்சொல் பட்டியல் தயாரிக்கட்டும். கண் பார்வை நன்றாக உள்ளவர் வாரம் பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்க்கட்டும். பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டி பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகத் தட்டுவார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். 1978-க்கு முந்தைய இதழ்களை மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்ளத் தயார். அந்தப் பழைய எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகிறோம் என்பதால், இந்த வேலையை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட இயலாது. அடுத்த பொதுக்குழுவில் இணையதளத்துக்கான தொகையை ஒதுக்கும்போது, தேடல் சர்வருக்கும் மெய்ப்புத் திருத்தத்துக்கும் முதலிடம் கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று உறுப்பினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.